31 வேர்டு கோப்புகளை ஒரே புத்தகமாக்க வேண்டும்: சேர்த்தவுடன் அமைப்பெல்லாம் கலைகிறது

கொழிஞ்சாம்பாறை வாசகன் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாயனசாலையில் (ஊர் நூலகத்தில்) ஒரு தொகுப்பு நூல் கொண்டுவருகிறோம். வேலந்தாவளத்திலிருந்து மீனாட்சிபுரம் வரைக்கும், தமிழ் பேசுகிற எல்லையோர ஊர்களைப் பற்றி அந்தந்த ஊர்க்காரர்களே எழுதிய 31 கட்டுரைகள். நிலக்கடலை விவசாயம், கள் இறக்குவது, தமிழ் மீடியம் பள்ளிக்கூடங்கள், சித்தூர் கொச்சி சமஸ்தானத்திலும் பாலக்காடு மலபார் ஜில்லாவிலும் இருந்த காலத்து நினைவுகள் என்று பல விஷயம். எழுதியவர்களில் பாதிப் பேர் எழுபது வயது தாண்டியவர்கள். பேரப்பிள்ளைகள் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஃபைலையும் தனியாகத் திறந்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே ஃபைலில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் எல்லாம் மாறிவிடுகிறது. நடுவில் இருந்த தலைப்பு இடது ஓரத்துக்கு வந்து நீல நிறமாகிறது. 13-ல் இருந்த எழுத்து 11 ஆகிறது. ஆழியாற்றுத் தண்ணீரைப் பற்றிய கட்டுரையின் கடைசியில் பக்கத்தைக் குறுக்காகத் திருப்பிப் போட்ட பெரிய அட்டவணை இருக்கிறது. அது நெடுக்குப் பக்கத்தில் ஏறி, வலது பக்கம் மூன்று நெடுவரிசை வெளியே போய்விட்டது. பக்கங்களின் மேல்வரியில் இருந்த கட்டுரைப் பெயர்களில் முதல் கட்டுரையின் பெயரே கடைசிவரை வருகிறது.

இரண்டு முறை முழுதாக ஒட்டி, கையால் சரிசெய்து, 200 பக்கம் தாண்டியதும் மறுபடி கலைந்து, கைவிட்டேன். பொள்ளாச்சியில் அச்சுக்குக் கொடுக்க இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. எழுதிய பெரியவர்களில் ஒருவர் போன மாதம் தவறிவிட்டார். மற்றவர்கள் கையிலாவது புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டும். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஆரியங்காவு வழிப்போக்கன் | செவ்வாய், இரவு 10.05

ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக்கி, பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். எதுவும் அசையாது. ரிவ்யூ பகுதியில் ‘கம்பைன்’ என்றும் ஒன்று இருக்கிறதே, பார்த்தீர்களா?

கொழிஞ்சாம்பாறை வாசகன் | செவ்வாய், இரவு 10.20

பிடிஎஃப் யோசித்தேன் சார். ஆனால் மெய்ப்புப் பார்ப்பது இன்னும் முடியவில்லை. பக்க எண் தொடர்ச்சியாக ஓட வேண்டும், பொருளடக்கம் வேண்டும். 31 பேர் ரசனையும் 31 விதமாக அப்படியே நின்றால் புத்தகம் மாதிரியே இருக்காது. ‘கம்பைன்’ போட்டுப் பார்த்தேன், கோடும் சிவப்புமாக என்னென்னவோ வந்தது.

நூறணி தட்டச்சு | செவ்வாய், இரவு 11.10

தம்பி, முதலில் அந்த ‘கம்பைன்’ பக்கமே போகாதீங்க. ஒரே கடிதத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தியிருந்தால் அந்தத் திருத்தங்களை ஒன்றாக்கத்தான் அது. வெவ்வேறு கட்டுரைகளைக் கோப்பதற்கு இல்லை.

நான் பாலக்காட்டில் இருபது வருஷமாக டிடிபி செய்கிறேன். நிறைய மலர்களும் ஆய்வேடுகளும் இந்தக் கையால் சேர்த்திருக்கிறேன். உங்களுக்கு நடந்தது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் ஏன் நடக்கிறது என்று தெரியாமல் கையால் சரிசெய்தால் மூன்றாம் முறையும் கலையும்.

வேர்டில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு ஸ்டைல் பெயர் உண்டு. நீங்கள் எதுவுமே தேர்ந்தெடுக்காவிட்டாலும் அது ‘நார்மல்’. தலைப்புக்கு ‘ஹெடிங் 1’ போட்டிருப்பார்கள். 31 ஃபைலிலும் ‘நார்மல்’ இருக்கிறது, ஆனால் 31-க்கும் அர்த்தம் வேறு. ஒருவர் ஃபைலில் நார்மல் என்றால் லதா எழுத்துரு 13, இன்னொருவர் ஃபைலில் நிர்மலா எழுத்துரு 11. நம்ம ஊரில் நின்று ‘சித்தூர்’ என்றால் ஆற்றங்கரைச் சித்தூர். திருப்பதிப் பக்கம் நின்று ‘சித்தூர்’ என்றால் அது ஆந்திராவின் சித்தூர். உறையில் வெறும் ‘சித்தூர்’ என்று எழுதிப் போட்டால், தபாலைக் கையில் வாங்குகிறவர் அவருக்குத் தெரிந்த சித்தூருக்குத்தான் அனுப்புவார். வேர்டும் அதேதான் செய்கிறது. வந்து சேர்கிற பத்தி ‘நான் ஹெடிங் 1’ என்று சொன்னால், சேர்க்கும் ஃபைலில் ஏற்கெனவே இருக்கிற ஹெடிங் 1-இன் உடையை மாட்டிவிடுகிறது. அதனால்தான் நீலம், அதனால்தான் இடது ஓரம்.

ஸ்டைலைத் தொடாமல் எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அளவு மாற்றியிருந்தால் அது பெரும்பாலும் அப்படியே வந்து சேரும். ஒரே கட்டுரைக்குள்ளேயே சில பத்தி மாறியும் சில பத்தி மாறாமலும் உங்களுக்குத் தெரிந்திருக்குமே, காரணம் அதுதான்.

ஆரியங்காவு வழிப்போக்கன் | புதன், காலை 7.30

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஒட்டும்போது வருகிற சின்னப் பெட்டியில் ‘கீப் சோர்ஸ் ஃபார்மட்டிங்’ கொடுத்தால் போதும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன், பிரச்சினை வந்ததில்லை.

நூறணி தட்டச்சு | புதன், காலை 8.15

நாலு பக்கம் சேர்க்க அது நல்ல வழிதான் சார், தப்புச் சொல்ல மாட்டேன். பெயர் மோதுகிற இடத்தில் பழைய தோற்றத்தைக் காப்பாற்ற வேர்டு என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்த அளவு, நிறம், இடைவெளி எல்லாவற்றையும் பத்தியின்மேல் நேராகவே எழுதி வைத்துவிடுகிறது. பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் 31 கட்டுரை சேர்ந்தபிறகு, ‘எல்லாத் தலைப்பையும் 18 ஆக்கலாம்’ என்று ஹெடிங் 1-ஐ ஒரு இடத்தில் மாற்றினால், சிலது கேட்கும், சிலது கேட்காது. அப்புறம் ஒவ்வொரு பக்கமாகத் தேடி ஓட வேண்டியதுதான். தம்பி 200 பக்கத்தில் மாட்டிக்கொண்டது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

‘மெர்ஜ் ஃபார்மட்டிங்’ கொடுத்தால் சேரும் இடத்தின் தோற்றத்தை எடுத்துக்கொண்டு, தடித்த எழுத்து, சாய்வெழுத்து மாதிரி சிலதை மட்டும் வைத்துக்கொள்ளும். ‘யூஸ் டெஸ்டினேஷன் ஸ்டைல்ஸ்’ தான் ஃபைலுக்கு ஃபைல் ஒட்டும்போது பெயர் மோதினால் வேர்டு தானாகவே எடுக்கிற வழி. புத்தகத்துக்கு நமக்கு வேண்டியதும் அதுதான். அது சரியாக வேலை செய்ய வேண்டுமென்றால் 31 ஃபைலிலும் பெயரும் அர்த்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். சண்டையைச் சேர்த்தபிறகு தீர்க்காதீங்க, சேர்க்கும் முன்பே தீருங்க.

நான் செய்கிற முறை இது. முதலில் எதுவும் எழுதாத ஒரு தாய்க் கோப்பு. அதில் புத்தக அளவு, ஓரம், உடல் எழுத்து, தலைப்பு, துணைத்தலைப்பு, பாட்டு, மேற்கோள், அடிக்குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டைல். பிறகு ஒவ்வொரு கட்டுரையையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு (மூலத்தைத் தொடவே கூடாது), ‘மேனேஜ் ஸ்டைல்ஸ்’ பெட்டியின் கீழே ‘இம்போர்ட்/எக்ஸ்போர்ட்’ என்று இருக்கும், அதன் வழியாகத் தாய்க் கோப்பின் ஸ்டைல்களை அந்தக் கட்டுரைக்குள் கொண்டுவருவேன். பழையதை மாற்றவா என்று கேட்கும், ஆமாம் கொடுக்க வேண்டும். அந்த நிமிஷமே கட்டுரை புத்தகத்தின் உடைக்கு மாறிவிடும். எங்கெல்லாம் மாறவில்லையோ அங்கெல்லாம் கையால் போட்டது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை அங்கேயே, எட்டுப் பக்கத்துக்குள் சரிசெய்வது சுலபம். 250 பக்கத்தில் சரிசெய்வது கொடுமை.

நகரி ஆய்வாளன் | புதன், காலை 9.00

அக்கா, உங்கள் சித்தூர் உதாரணத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அந்த ஆந்திராச் சித்தூர் மாவட்டத்துக்காரன். தமிழ் ஆய்வேட்டுக்கு ஆறு இயல்களை ஆறு ஃபைலாக எழுதிச் சேர்த்தவன்.

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. தாய்க் கோப்பின் நார்மலில் எழுத்துரு, அளவு, வரி இடைவெளி, பத்திக்குப் பின் இடைவெளி எல்லாவற்றையும் நீங்களே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு ஃபைலும் தன் அடித்தளத்தில் இருக்கிற மதிப்பை எடுத்துக்கொள்ளும். அந்த அடித்தளம் வேர்டின் பதிப்புக்குப் பதிப்பு வேறு. 2003 வரை டைம்ஸ் நியூ ரோமன், ஒற்றை வரி இடைவெளி. 2007-இல் கலிப்ரி 11, வரி இடைவெளி 1.15, பத்திக்குப் பின் 10 புள்ளி. 2013-இல் அது 1.08, 8 புள்ளி. இப்போது புதிதாக வருகிறவற்றில் ஆப்டோஸ். எழுபது வயதுக்காரர்களின் வீட்டுக் கணினிகளிலிருந்து வந்த ஃபைல்கள் என்றால் இந்த எல்லா வகையும் கலந்துதான் இருக்கும்.

பழைய ‘டாக்’ வகை ஃபைல்களைத் திறந்ததும் மேலே ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ என்று வரும். அவற்றை ‘டாக்எக்ஸ்’ ஆக மாற்றிச் சேமித்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

தேவிகுளம் டீச்சர் | புதன், மாலை 6.25

ஸ்டைல் பற்றி நூறணி அக்கா சொல்லிவிட்டார். உங்கள் குறுக்குப் பக்க அட்டவணையும் மேல்வரிப் பெயரும் கெட்டதற்குக் காரணம் அது இல்லை. அது செக்‌ஷன் விவகாரம். பள்ளி மலர் தயாரிக்கும்போது நான் மூன்று இரவு அழுத இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பக்க அளவு, ஓரம், நெடுக்கா குறுக்கா, மேல்வரி, கீழ்வரி, பக்க எண் இவை எல்லாம் பத்தியோடு ஒட்டியவை இல்லை, செக்‌ஷனோடு ஒட்டியவை. ஒரு செக்‌ஷனின் விவரம் அது முடிகிற இடத்தில் இருக்கிற செக்‌ஷன் பிரேக்கில் உட்கார்ந்திருக்கும். தனக்கு முன்னால் இருப்பதைத்தான் பிரேக் ஆள்கிறது, பின்னால் வருவதை இல்லை. அதனால்தான் ஒரு பிரேக்கை அழித்தால் அதற்கு மேலே இருந்த பக்கங்கள் கீழே இருக்கிற செக்‌ஷனின் அமைப்புக்கு மாறிவிடும்.

இப்போது ஃபைலின் கடைசிச் செக்‌ஷனை யோசியுங்கள். அதற்குப் பின்னால் பிரேக் இல்லை. அதன் விவரம் ஃபைலின் முடிவோடு ஒட்டியிருக்கிறது. இன்னொரு ஃபைலுக்குள் சேர்க்கும்போது அந்த முடிவு வந்து சேராது. உங்கள் ஆழியாற்று அட்டவணை கட்டுரையின் கடைசியில்தானே இருந்தது? குறுக்குப் பக்கம் என்ற செய்தி அந்தக் கடைசி விளிம்பில் இருந்தது, விளிம்பு அங்கேயே நின்றுவிட்டது. ஒரே செக்‌ஷன் உள்ள சாதாரணக் கட்டுரைக்கும் இதே கதி. அதன் மேல்வரி வரவே வராது.

இதற்கு மருந்து சின்னது. சேர்ப்பதற்கு முன், ஒவ்வொரு ஃபைலின் கடைசி வரிக்குக் கீழே போய், லேஅவுட், பிரேக்ஸ், அதில் செக்‌ஷன் பிரேக் என்ற தலைப்புக்குக் கீழே உள்ள ‘நெக்ஸ்ட் பேஜ்’. மேலே இருக்கிற வெறும் ‘பேஜ்’ இல்லை. இப்போது கடைசிச் செக்‌ஷனின் விவரம் பிரேக்கில் ஏறிவிடும், கட்டுரையோடு பயணம் செய்யும்.

சேர்த்தபின் ஒவ்வொரு செக்‌ஷனின் மேல்வரியிலும் இரண்டு முறை தட்டி, ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ எரிந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எரிந்தால் முந்தைய கட்டுரையின் பெயர்தான் வரும். அணைத்துவிட்டுப் பெயரை எழுதுங்கள். பக்க எண் இருக்கிற கீழ்வரியில் மட்டும் அந்த இணைப்பு அப்படியே இருக்கட்டும். எண் அமைப்பில் ‘கன்டின்யூ ஃப்ரம் ப்ரீவியஸ் செக்‌ஷன்’ கொடுத்தால் 1-லிருந்து கடைசிவரை ஓடும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தி மறைந்திருக்கும் குறிகளைக் கண்ணுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இந்த வேலையைச் செய்யுங்கள். குறி தெரியாமல் செய்வது இருட்டில் மலை ஏறுவது மாதிரி.

கொழிஞ்சாம்பாறை வாசகன் | வியாழன், இரவு 8.50

டீச்சர், அட்டவணை நின்றுவிட்டது! குறுக்குப் பக்கம் குறுக்காகவே வருகிறது. 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தில் சித்தூர்ப் பக்கத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்று எழுதியிருந்த நெடுவரிசை போன முறை பக்கத்துக்கு வெளியே போயிருந்தது. அதை எழுதிய மாமா ஐம்பது வருஷமாக அந்தக் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். அந்த நெடுவரிசை இல்லாமல் அவர் கட்டுரையே இல்லை.

அக்கா சொன்னபடி தாய்க் கோப்பு செய்து ஏழு கட்டுரைக்கு ஸ்டைல் ஏற்றிவிட்டேன். ஆனால் ஒன்று புரியவில்லை. நார்மலில் எழுத்துருவை நிர்மலா என்றும் அளவை 12 என்றும் மாற்றினால், உள்ளே வருகிற ஆங்கிலச் சொற்களும் எண்களும் மாறுகின்றன, தமிழ் மாறவே மாட்டேன் என்கிறது. லதா 10-லேயே நிற்கிறது.

நகரி ஆய்வாளன் | வியாழன், இரவு 9.30

அண்ணா, இது தமிழில் எழுதுகிற எல்லோரும் இடறுகிற கல். ஆங்கிலத்தில் வருகிற விளக்கங்களில் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

வேர்டு தமிழை ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்று வேறு கணக்கில் வைத்திருக்கிறது. தெலுங்கும் மலையாளமும் அதே கணக்குதான். ஒரு ஸ்டைலுக்குள் லத்தீன் எழுத்துக்கு ஒரு எழுத்துரு, ஒரு அளவு, ஒரு தடிமன். காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்குத் தனியாக ஒரு எழுத்துரு, ஒரு அளவு, ஒரு தடிமன். ஸ்டைலை மாற்றும் பெட்டியில் மேலோட்டமாகத் தெரிகிற இடத்தில் நீங்கள் லத்தீனை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டியின் கீழே ‘ஃபார்மட்’, அதில் ‘ஃபாண்ட்’ திறந்து பாருங்கள். ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே நிர்மலா, 12. அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால் ஆஃபீஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறக்க வேண்டும்.

நான் லதாவிலிருந்து மாறச் சொல்வதற்கும் காரணம் உண்டு. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய துணை எழுத்துருக்கள் ஆகிவிட்டன. கணினியில் அவை இல்லையென்றால் வேர்டு வேறொன்றைப் போட்டு நிரப்பும், வரிகள் ஓடி, பக்கங்கள் மாறும். நிர்மலா விண்டோஸ் 8-லிருந்து கூடவே வருகிறது, தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் அதற்குள் இருக்கின்றன. உங்கள் கட்டுரைகளில் மலையாள மேற்கோள் இருந்தால் வசதி.

கொழிஞ்சாம்பாறை வாசகன் | வியாழன், இரவு 10.10

மாறிவிட்டது தம்பி! இரண்டு நாள் தலையை உடைத்துக்கொண்ட விஷயம்.

இன்னொரு குழப்பம். மூன்று கட்டுரைகளில் ஸ்டைலை ஏற்றியவுடன் தமிழே போய், ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கிறது. ஒன்றில் மலையாளப் பகுதி மட்டும் அப்படி ஆகிறது.

நூறணி தட்டச்சு | வியாழன், இரவு 10.45

அது பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினியோ, டாம் வகையோ, வானவில்லோ இருக்கும். அவற்றில் உண்மையில் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்தின் குறிதான், எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போடுகிறது. எழுத்துருவை மாற்றியதும் முகமூடி கழன்றுவிடுகிறது. மலையாளப் பகுதி எம்எல் வரிசை எழுத்துருவில் இருக்கும், இங்கே அரசு அலுவலக வேலைகளில் அது நிறையப் புழங்கியது.

உடனே ‘அன்டூ’ கொடுத்து, மூலத்தைத் திறந்து எந்த எழுத்துரு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் தமிழின் பழைய வகைகளை மாற்றித் தரும். எந்த வகை என்று சரியாகச் சொன்னால்தான் சரியாக மாறும். ஒரே ஃபைலில் தமிழ்ப் பத்தியையும் ஆங்கிலப் பத்தியையும் மொத்தமாகப் போட்டுவிடாதீங்க, ஆங்கிலமும் தமிழாகிக் கெட்டுவிடும்.

இதைச் சேர்த்தபிறகு செய்யலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீங்க. 31-உம் கலந்தபிறகு எது பாமினி, எது டாம் என்று கண்டுபிடிக்க ஒரு அடையாளமும் இருக்காது.

மாற்றியபின் ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். காலும் ரகரமும் இடம் மாறியிருக்கும், ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக நிற்கும். ‘கொ’ மாதிரியான எழுத்துகள் கண்ணுக்குச் சரியாக இருந்தாலும் உள்ளே கொம்பு தனி, கால் தனியாக இருக்கலாம், தேடும்போது அகப்படாது.

தேவிகுளம் டீச்சர் | வெள்ளி, காலை 6.50

தமிழ் மீடியம் ஆசிரியர்கள் எழுதியதில் ‘ஓடிடி’ ஃபைலும் (லிப்ரே ஆஃபீஸ் சேமிக்கிற வகை) வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் பள்ளிக் கணினிகளில் கைட் (கேரள அரசின் பள்ளிக் கணினிக் கல்வி அமைப்பு) கொடுத்த லினக்ஸ்தான், எழுதுவது லிப்ரே ஆஃபீஸில். அதை வேர்டில் நேராகத் திறக்காமல், லிப்ரேவிலேயே ‘டாக்எக்ஸ்’ ஆகச் சேமித்து, மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். அடிக்குறிப்பும் அட்டவணையின் அகலமும் முதலில் பார்க்க வேண்டியவை.

முழு வேலையும் லிப்ரேவில் செய்கிறவர்களுக்கு மாஸ்டர் டாக்குமென்ட் நல்ல வழி. கட்டுரைகள் தனி ஃபைலாகவே இருக்கும், மாஸ்டரில் வரிசை மட்டும் இருக்கும், ஒரே பெயருள்ள ஸ்டைல் இருந்தால் மாஸ்டரில் உள்ளதுதான் செல்லும். வேர்டிலும் அதே பெயரில் ஒன்று உண்டு. அதில் ஃபைல் கெட்டுப்போய்த் திறக்க முடியாமல் போனதை இரண்டு முறை அனுபவித்திருக்கிறேன். 12 நாள் கெடு உள்ள வேலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை வாசகன் | சனி, மதியம் 1.15

பழைய எழுத்துரு மூன்றும் முடிந்தது. ஒரு சந்தேகம், இது நுட்பம் பற்றி மட்டும் இல்லை. கையால் போட்டதைக் கழற்ற எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஸ்பேஸ் அழுத்தினேன். சுத்தமாகிவிட்டது. ஆனால் சாய்வெழுத்தும் போய்விட்டது. ஒரு அம்மா தன் கட்டுரையில் மலையாளத்திலிருந்து நம் பேச்சில் கலந்த சொற்களை மட்டும் சாய்வில் போட்டிருந்தார். அடிக்குறிப்பு எண்களும் மேலே ஏறி நிற்காமல் வரியோடு இறங்கிவிட்டன. எழுதியவர்களின் விருப்பத்தை எந்த அளவுக்கு நாம் தொடலாம்?

நூறணி தட்டச்சு | சனி, மாலை 4.00

நல்ல கேள்வி தம்பி. நான் இப்படிப் பிரித்துக்கொள்வேன். தலைப்புக்குச் சிவப்பு, எழுத்துக்கு நிழல், பக்கத்தைச் சுற்றிப் பூ, இவை அலங்காரம். புத்தகத்துக்கு ஒரே உடை என்று முடிவுசெய்தபின் எடுத்துவிடலாம். அந்த அம்மாவின் சாய்வெழுத்து அலங்காரம் இல்லை, அது அவர் சொல்கிற செய்தி. பாட்டின் வரி முறிவு, உள்தள்ளல், பேட்டியில் கேட்பவர் பெயரைத் தடித்துப் போட்டது எல்லாம் அப்படித்தான். அதை இழந்தால் கட்டுரையிலிருந்து ஒரு பகுதியை நாம் வெட்டிவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

சுத்தம் செய்யும் முன் சாய்வுக்கு அடையாளம் வைத்துவிடுங்கள். ‘ரீப்ளேஸ்’ பெட்டியில் தேடும் கட்டத்தைக் காலியாக விட்டு, ஃபார்மட்டில் சாய்வு என்று மட்டும் கொடுங்கள். மாற்றும் கட்டத்தில் ##^&## என்று எழுதுங்கள். சாய்வில் சேர்ந்தாற்போல் உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் இருபுறமும் ## வந்துவிடும். பிறகு சுத்தம் செய்யுங்கள். முடிந்ததும் ‘வைல்டுகார்ட்ஸ்’ டிக் செய்து ##(*)## என்று தேடி, மாற்றும் கட்டத்தில் \1 எழுதி அதற்குச் சாய்வு கொடுத்தால் எல்லாம் திரும்பி வரும். தமிழுக்குச் சாய்வு கொடுக்கும்போதும் நகரித் தம்பி சொன்ன அந்த காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் பகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்குறிப்பு எண்ணும் ஒரு ஸ்டைலால்தான் மேலே நிற்கிறது, கன்ட்ரோல் ஸ்பேஸ் அதையும் கழற்றிவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம். ^f என்று தேடி, ^& என்று மாற்றி, ‘ஃபுட்நோட் ரெஃபரன்ஸ்’ ஸ்டைலைக் கொடுத்தால் மறுபடி ஏறிக்கொள்ளும்.

ஆரியங்காவு வழிப்போக்கன் | சனி, இரவு 9.20

அக்கா சொன்னதைப் பார்த்து என் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து, ஷிஃப்ட், எஃப்1 அழுத்திப் பத்தி பத்தியாகப் பார்த்தேன். ‘கீப் சோர்ஸ்’ கொடுத்த இடமெல்லாம் நேரடி அமைப்பு குவிந்து கிடக்கிறது. எனக்குப் பிரச்சினை வராததற்குக் காரணம், சேர்த்தபின் நான் எதையும் மாற்றவே இல்லை என்பதுதான் போலிருக்கிறது. என் ஆலோசனை உங்கள் வேலைக்குப் பொருந்தாது வாசகன், திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பொள்ளாச்சி அச்சுக்கோப்பு | ஞாயிறு, காலை 10.30

இழை முழுவதும் படித்தேன். ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறவன் நான். அச்சகத்தார் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. ஃபைல் கொடுக்கும்போது கூடவே பிடிஎஃப் ஒன்றும் கொடுங்கள் தம்பி. உங்கள் திரையில் எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் எங்களுக்குச் சாட்சி. சேமிக்கும் அமைப்பில் ‘எம்பெட் ஃபாண்ட்ஸ்’ டிக் செய்துவிடுங்கள். திருத்தக் குறிகள் இருந்தால் சேர்ப்பதற்கு முன் ஏற்றுக்கொண்டோ தள்ளியோ முடித்துவிடுங்கள். ஒரு நினைவு மலரில் யாரோ அடித்துவிட்ட வரி கோட்டோடு அச்சேறி, அந்தக் குடும்பம் வருத்தப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை வாசகன் | புதன், இரவு 11.35

முடிந்தது. அப்படியே எழுதுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

31 நகலுக்கும் தாய்க் கோப்பின் ஸ்டைலை ஏற்ற நாலு நாள் ஆனது. அதில்தான் முழு உழைப்பும். ஒவ்வொன்றின் கடைசியிலும் செக்‌ஷன் பிரேக் வைத்தேன். பெயரை 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் தொடங்கி வரிசையாக வைத்தேன். தாய்க் கோப்பைத் திறந்து, ‘இன்செர்ட்’ பகுதியில் ‘ஆப்ஜெக்ட்’ பக்கத்து அம்புக்குறி, அதில் ‘டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்’, 31-ஐயும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 264 பக்கம், தலைப்பு எல்லாம் நடுவில், எழுத்து எல்லாம் ஒரே அளவு. அதுவரை கைநடுக்கம்தான்.

மூன்று இடம் மட்டும் நின்றது. வரிசை எண் போட்ட பட்டியல் ஒரு கட்டுரையில் 1-லிருந்து தொடங்காமல் முந்தைய கட்டுரையைத் தொடர்ந்து 14 என்று வந்தது. வலது பொத்தானில் ‘ரீஸ்டார்ட் அட் 1’ கொடுத்ததும் சரியானது. அடிக்குறிப்பு 1-லிருந்து 97 வரை ஓடியது, அதை ஒவ்வொரு செக்‌ஷனிலும் புதிதாகத் தொடங்கும்படி மாற்றினேன். பொருளடக்கத்தில் இரண்டு கட்டுரை வரவில்லை. பார்த்தால் அவற்றின் தலைப்புகள் ஹெடிங் 1 இல்லை, வெறும் நார்மலைத் தடித்துப் பெரிதாக்கியவை. ஸ்டைல் கொடுத்து எஃப்9 அழுத்தினேன், வந்துவிட்டன.

சாய்வெழுத்து அம்மாவுக்கு அவர் கட்டுரைப் பக்கங்களை மட்டும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார், எல்லாச் சொல்லும் இருந்தது. பதினேழாவது வரியில் ஒரு ஒற்றெழுத்துப் பிழையும் கண்டுபிடித்துக் கொடுத்தார், திருத்திவிட்டேன்.

நூறணி அக்கா, டீச்சர், நகரித் தம்பி, அச்சுக்கோப்பு ஐயா, வழிப்போக்கன் சார், உங்கள் ஐந்து பேருக்கும் நன்றியுரையில் இந்தப் பெயர்களிலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஃபைலும் பிடிஎஃப்பும் நாளைக் காலை எட்டரை பஸ்ஸில் பொள்ளாச்சிக்குப் போகின்றன.

நூறணி தட்டச்சு | வியாழன், காலை 7.05

சந்தோஷம் தம்பி. பஸ் ஏறும் முன் அந்தத் தாய்க் கோப்பை மட்டும் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்து வாயனசாலை அலமாரியில் வைத்துவிடுங்க. இரண்டாம் தொகுதிக்கு வேண்டியிருக்கும்.